பக்கிப் பந்தயத்தில் டிரக்குக்கு என்ன வேலை?

     

இன்றைக்கு நமக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, "ரிமோட் கார் பந்தயத்தில், மாற்றியமைத்த டிரக்குகளைப் பக்கி வகுப்பில் சேர்க்கலாமா, கூடாதா?" நடுவர் இந்தத் தலைப்பைப் படித்ததும் முன்வரிசையில் ரெண்டு மூணு பேர் சிரிச்சீங்க. எனக்குத் தெரியும் ஏன்னு. நம்ம வீட்ல பிள்ளை அவசர அவசரமா அள்ளி அள்ளிச் சாப்பிட்டா, "ஏன்டா இப்படிப் பக்கி மாதிரி திங்கறே"ன்னு அம்மா கேட்பாங்க. அந்தப் பக்கி வேற, இந்தப் பக்கி வேற. (சிரிப்பு) இது மணல்லயும் மண்லயும் பாய்ந்து ஓடுகிற, கூரை இல்லாத, டயர் நாலும் வெளியே தெரிகிற சின்ன வண்டி. அதையே பத்தில் ஒரு பங்கா சுருக்கி, ரேடியோ அலையில் ஓட்டினால், அதுதான் நாம பேசுற பந்தயப் பக்கி. டிரக் என்றால் உங்களுக்கே தெரியும். பின்னால் தொட்டி வைத்த பிக்கப் வண்டி. பெரிய சக்கரம், உயர்ந்த உடம்பு. அதையும் பத்தில் ஒரு பங்கா சுருக்கி ஓட்டுறாங்க.

ஒருத்தர் தன்னுடைய டிரக்கை அங்கே இங்கே மாற்றி, "இதுவும் பக்கி மாதிரிதானே ஓடுது, நானும் பக்கிப் பந்தயத்தில் நிற்கிறேன்" என்று வருகிறார். விடலாமா? எதிரணி விடலாம் என்கிறது. நாங்கள் கூடாது என்கிறோம். என் பங்குக்கு நான் வேறு எதையும் சாட்சிக்கு அழைக்கப் போவதில்லை. வரலாற்றை மட்டும் அழைக்கிறேன்.

"பொம்மை வண்டிக்கு வரலாறா?" என்று எதிரணித் தலைவர் கேலி செய்தார். ஐயா, பொம்மை என்று நினைத்தவர்கள் செய்த வேலையா இது பாருங்கள். ஜப்பானில் ஷிசுவோக்கா என்ற ஊர். அங்கே தாமியா என்ற மாடல் வண்டி நிறுவனம். 1976-ல் அவர்கள் தங்களுடைய முதல் ரேடியோ கண்ட்ரோல் காரை வெளியிட்டார்கள். போர்ஷே 934 என்ற காரின் சின்ன உருவம். அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக ஒரு நிஜ போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள்! நம்ம வீட்ல பிள்ளை பொம்மைக் காரைப் பிரிச்சா அடிக்கிறோம். அங்கே பொம்மைக் கார் செய்றதுக்காக நிஜக் காரைப் பிரிச்சிருக்காங்க. (கைதட்டல்)

அதே நிறுவனம் 1979-ல் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியது. ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்று இரண்டு வண்டிகள். ஒன்றுக்குப் பக்கியின் உடம்பு. இன்னொன்றுக்கு பீட்டில் காரின் உடம்பு. இரண்டுக்கும் அடிச்சட்டம் ஒன்றே. மண்ணில் பாய்கிற ரிமோட் வண்டிகளின் மோகம் உலகம் முழுக்கப் பரவியதில் இந்த இரண்டு வண்டிகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

சரி, பொம்மைக்கு மூலம் நிஜ வண்டி என்றால், அந்த நிஜ வண்டிக்கு மூலம் எது? அங்கேதான் எதிரணியின் பெரிய வாதம் இருக்கிறது. அதை மறைக்காமல் நானே எடுத்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா. கடற்கரை ஓரத்து நியூபோர்ட் பீச். அங்கே புரூஸ் மேயர்ஸ் என்று ஒருவர். ஃபைபர் கிளாஸில் படகு செய்கிறவர். கடற்கரை மணல் மேட்டில் ஏறி இறங்க ஒரு வண்டி வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஜெர்மனிக்காரன் செய்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இருக்கிறதே, நம்ம ஆமை மாதிரி முதுகு வளைந்த கார், அதற்கு எஞ்சின் பின்னால் இருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். மணலில் ஓட்ட இதைவிட என்ன வேண்டும்? 1964-ல் அவர் மேயர்ஸ் மேங்ஸ் என்ற பக்கியைச் செய்தார். பிறகு அதையே வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்கிற மாதிரி விற்க ஆரம்பித்தார். பழைய பீட்டிலின் உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதன் அடித்தட்டில் ஓரடிக்கு மேல் வெட்டிக் குறைத்து, மேலே இந்த ஃபைபர் கிளாஸ் தொட்டியை உட்கார வைத்தால் பக்கி தயார். சுமார் 6,000 விற்றார். அதைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் விற்றது எத்தனையோ மடங்கு. காப்புரிமை கேட்டு நீதிமன்றம் போனார். செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். 2021-ல் 94 வயதில் காலமானார்.

இப்போது எதிரணி எழுந்து நின்று கேட்கலாம். "பக்கியே ஒரு மாற்றியமைத்த வண்டிதானே? அவன் பீட்டிலை வெட்டிப் பக்கி செய்தால் சரி, நான் டிரக்கை வெட்டிப் பக்கி செய்தால் தப்பா?"

நல்ல கேள்வி. நான் ஒப்புக்கொள்கிறேன், மாற்றுவது தப்பே இல்லை. மாற்றாமல் இருந்திருந்தால் இந்த விளையாட்டே பிறந்திருக்காது. நம் தலைப்பு மாற்றலாமா கூடாதா என்பது இல்லையே, நடுவர் அவர்களே. மாற்றினதை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதுதான் தலைப்பு. வெட்டிய பீட்டிலை எங்கே நிறுத்தினார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

கலிஃபோர்னியாவுக்குக் கீழே மெக்ஸிகோ நாட்டில் பாஹா கலிஃபோர்னியா என்று ஒரு நீண்ட தீபகற்பம். கல்லும் முள்ளும் கள்ளிச்செடியும் மணலும்தான். அந்தக் காலத்தில் பெரும்பகுதிக்கு ஒழுங்கான ரோடே கிடையாது. 1967 ஏப்ரலில் மேயர்ஸும் அவர் நண்பர் டெட் மேங்கல்ஸும் ஒரு மேங்ஸ் பக்கியில் லா பாஸ் என்ற ஊரிலிருந்து டிஹுவானா வரைக்கும் 34 மணி 45 நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன்னால் மோட்டார் சைக்கிள்காரர்கள் வைத்திருந்த சாதனையை ஐந்து மணி நேரத்துக்கும் மேல் குறைத்துவிட்டார்கள். ஊரே பேசியது. அதே வருஷம் அக்டோபர் கடைசியில் அங்கே முறையான பந்தயமே வைத்துவிட்டார்கள். மெக்ஸிகன் 1000 என்று பெயர். பின்னால் பாஹா 1000 என்று உலகப் புகழ் பெற்றது அதுதான். முதல் பந்தயத்தில் 68 வண்டிகள் கிளம்பின. ஜெயித்தது யார்? விக் வில்சன், டெட் மேங்கல்ஸ் இருவரும் ஓட்டிய மேயர்ஸ் மேங்ஸ் பக்கி. 27 மணி 38 நிமிடம்.

இரண்டு வருஷம் கழித்து, 1969-ல், லாரி மைனர், ராட் ஹால் இருவரும் ஒரு ஃபோர்டு பிராங்கோவில், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில், பக்கிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி முதலில் வந்தார்கள். 1979-ல் வாக்கர் எவன்ஸ் ஒரு டாட்ஜ் பிக்கப் டிரக்கில் வந்து ஒட்டுமொத்த முதலிடத்தையும் பிடித்தார். டிரக் ஒன்று அப்படி ஜெயித்தது அதுவே முதல் தடவை.

இப்போ கவனிங்க. அந்த பிராங்கோவும் அந்த டாட்ஜும் பக்கி வகுப்பில் பெயர் கொடுத்தா ஜெயித்தன? இல்லை! ஒரே பாலைவனத்தில், ஒரே நாளில், அவரவர் வகுப்பில் ஓடினார்கள். வகுப்புக்கு ஒரு பரிசு. எல்லா வகுப்பிலும் சேர்த்து யார் வேகம் என்று பார்த்து ஒட்டுமொத்தப் பெருமை தனியாக. டிரக் ஜெயித்ததற்காகப் பக்கிக்காரன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாமல் போகவில்லை. அவன் வகுப்பில் அவன் முதல்வன். இதைத்தான் நான் வரலாறு சொல்கிற நியாயம் என்கிறேன். (கைதட்டல்)

டிரக் அதோடு நிற்கவில்லை. வளர்ந்தது. மிக்கி தாம்ஸன் என்ற பந்தயக்காரர் 1973-ல் ஸ்கோர் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1979-ல் பாலைவனத்தையே நகரத்துக்குள் கொண்டுவந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் விளையாட்டரங்கத்தில் மண்ணைக் கொட்டி, மேடு பள்ளம் கட்டி, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிற மாதிரி பந்தயம் வைத்தார். ஸ்டேடியம் டிரக் என்ற பேரும் புகழும் வந்தது அப்படித்தான். 1994-ல் ஸ்கோர் அமைப்பு டிராஃபி டிரக் என்று ஒரு தனி வகுப்பையே உண்டாக்கியது. இன்றைக்கு பாஹாவில் ராஜா யாரென்று கேட்டால் சின்னப் பிள்ளையும் டிராஃபி டிரக் என்றுதான் சொல்லும். பக்கி வகுப்பின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்திருந்தால் டிரக்குக்கு இந்தச் சிம்மாசனம் கிடைத்திருக்குமா? தனிக் குடித்தனம் போனதால்தான் தழைத்தது.

அதே பாஹாவில் இன்னொரு வகுப்பு இருக்கிறது. வகுப்பு 11. யாருக்கு? பெரிதாக எந்த மாற்றமும் செய்யாத பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கு! எல்லாப் பக்கிக்கும் தாய் அதுதானே. தாய்க்குத் தனி வகுப்பு. பல லட்சம் டாலர் டிராஃபி டிரக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். இந்த ஆமை முதுகுக் கார் தட்டுத் தடுமாறி, இரவெல்லாம் உருண்டு, பல மணி நேரம் கழித்து எல்லைக்கோட்டைத் தொடும். தொட்டதும் அதற்குக் கிடைக்கிற மரியாதை இருக்கிறதே, முதலில் வந்த வண்டிக்குக் கிடைத்ததைவிடக் குறைந்ததில்லை. வகுப்பு என்று ஒன்று இல்லையென்றால் அந்த ஓட்டுநரை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? கடைசியில் வந்தவன் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

நம்ம தென் மாவட்டத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு தனி, சின்ன மாடு தனி, பூஞ்சிட்டு தனி. பூஞ்சிட்டுப் பந்தயத்தில் ஒருத்தன் பெரிய மாட்டைக் கொண்டுவந்து, "கொம்பைச் சீவிட்டேன், சேத்துக்குங்க"ன்னு சொன்னா ஊர் விடுமா? (சிரிப்பு, கைதட்டல்)

இனி சின்ன வண்டிக்கு வருவோம். எதிரணி நண்பர் ஒருவர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். "பக்கிக்கும் டிரக்குக்கும் எலும்புக்கூடு ஒன்றுதானே" என்று கேட்டார். உண்மைதான். இன்னும் கொஞ்சம் ஆதாரம் நானே தருகிறேன். 1979-ல் வந்த ரஃப் ரைடரின் அதே அடிச்சட்டத்தில் 1981-ல் தாமியா ஃபோர்டு பிக்கப் டிரக் ஒன்றை உட்கார வைத்தது. 1983-ல் சுபாரு பிராட் என்ற பிக்கப் வண்டியும், தவளை என்று அர்த்தம் வருகிற ஃபிராக் என்ற பக்கியும் ஒரே வகை அடிச்சட்டத்தில் வந்தன. அந்தத் தவளையின் வழியில்தான் 1986-ல் பிளாக்ஃபுட் என்ற ராட்சச டிரக்கும் மான்ஸ்டர் பீட்டிலும் பிறந்தன. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். நான் மறுக்கவே இல்லை.

ஆனால் ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி என்பதற்காக, பத்தாம் வகுப்பு அண்ணனையும் மூணாம் வகுப்புத் தம்பியையும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவீர்களா? எலும்பு ஒன்றாக இருக்கலாம். ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது எலும்பு இல்லை, கால்!

இந்தக் காலைப் பற்றித்தான் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும். பத்தில் ஒரு பங்கு பக்கிக்கு அகலம் 25 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்டேடியம் டிரக் என்ற வகை ஓர் அடியையும் தாண்டி, 33 சென்டிமீட்டர் வரைக்கும் அகன்று நிற்கும். சக்கரமும் பெரிது. சக்கரம் பெரிதானால் என்ன ஆகும்? சின்னச் சக்கரம் விழுந்து எழுகிற குழியைப் பெரிய சக்கரம் தாண்டி உருண்டு போய்விடும். அகலமான வண்டி திருப்பத்தில் சட்டென்று கவிழாது. அதே நேரம் பெரிய டயர் கனமானது. அதைச் சுழற்ற மோட்டார் கூடுதலாக உழைக்கணும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். பக்கி இலேசானது. சறுக்கென்று திரும்பும், சட்டென்று வேகம் எடுக்கும்.

அப்படியானால் எது வேகம்? இதுதான் விஷயம். காலையில் களம் புதிதாக, வழவழவென்று இருக்கும்போது பக்கி வேகம். மத்தியானத்துக்குள் பத்து இருபது சுற்று ஓடி, மண் பெயர்ந்து, திருப்பத்துக்குத் திருப்பம் பள்ளம் விழுந்துவிட்டால் டிரக் நிதானமாக உருண்டு போய்விடும், பக்கி தத்தித் தத்தி விழும். இரண்டையும் ஒரே வகுப்பில் விட்டால் அன்றைக்கு யார் ஜெயிப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது ஓட்டுகிறவனுடைய கையா? இல்லை, தரை! மழை பெய்ததா, மண் இறுகியதா, எத்தனை மணிக்கு உன் சுற்று வந்தது, இதெல்லாம் பரிசைத் தீர்மானிக்கும். வகுப்பு என்று ஒன்று எதற்காக வைத்தார்கள்? வண்டிக்கு வண்டி உள்ள வித்தியாசத்தையெல்லாம் முடிந்தவரை கழித்துவிட்டு, மிச்சம் நிற்கிற வித்தியாசம் ஓட்டுகிறவனுடையதாக இருக்கட்டும் என்பதற்காக. அதைக் கெடுத்துவிட்டால் பிறகு எதற்குப் பந்தயம்? பூவா தலையா போட்டுப் பரிசைக் கொடுத்துவிட்டுப் போகலாமே! (கைதட்டல்)

இடி விஷயம் ஒன்று இருக்கிறது. பக்கிக்குச் சக்கரம் நாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கத்துக் கை மெல்லிசாக இருக்கும். அதன்மேல் கனமான டிரக் ஒன்று ஏறினால் கை முறியும், அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. களத்தில் ஓரமாகச் சில பேர் நிற்பார்கள். வண்டி கவிழ்ந்தால் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்துகிற வேலை. மார்ஷல் என்று பெயர். ஒரு சுற்றில் ஓட்டியவர்களே அடுத்த சுற்றில் மார்ஷலாக நிற்பது வழக்கம். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள், தன்னை முந்தியவனுடைய வண்டியைத் தன் கையாலேயே தூக்கி நிறுத்தணும்! ஆனால் ஓடுவது மொத்தமே நாலைந்து நிமிடம். அதில் இரண்டு தடவை டிரக் உங்களைக் கவிழ்த்துவிட்டால் எந்த மார்ஷல் தூக்கிவிட்டும் பிரயோஜனம் இல்லை.

அடுத்து, தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்கணும். இது மாதச் சம்பளத்தில் கை வைக்கிற விஷயம். இந்தப் பந்தயக்காரர்களுடைய அகராதியில் 'மாடிஃபைடு' என்ற வார்த்தை புதிது இல்லை. மின்சார மோட்டாரில் ஸ்டாக் என்று ஒரு வகை, மாடிஃபைடு என்று ஒரு வகை. அமெரிக்காவில் 1967-ல் உருவான ரோர் என்ற ரிமோட் கார் பந்தய அமைப்பு இருக்கிறது. அங்கே பிரஷ் மோட்டார் காலத்தில் ஸ்டாக் என்றால் 27 சுற்றுக் கம்பி. கழற்றிப் பிரித்து உள்ளே கை வைக்கக் கூடாது. சுற்றைக் குறைத்தால் வேகம் கூடும், பேட்டரியும் குடிக்கும், காசும் குடிக்கும். அது மாடிஃபைடு வகுப்பு. ஏன் இப்படிப் பிரித்தார்கள்? எவன் அதிகம் செலவு பண்றானோ அவன் ஜெயிப்பான் என்ற நிலை வந்துவிட்டால், செலவு பண்ண முடியாதவன் வண்டியை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவான். அதைத் தடுக்கத்தான்.

இப்போது பக்கி வகுப்பில் ஒரு மாற்றியமைத்த டிரக்கை விட்டுவிட்டீர்கள். மேடு பள்ளமான களத்தில் அது தொடர்ந்து நாலு வாரம் ஜெயிக்கிறது. ஐந்தாவது வாரம் என்ன நடக்கும்? பக்கி வைத்திருக்கிற பத்துப் பேரும் வீட்டுக்குப் போய், "அப்பா, எனக்கும் அந்தப் பெரிய சக்கரம் வேணும்" என்பார்கள். சக்கரம் வாங்கினா அதுக்கேத்த கை வாங்கணும். கை வாங்கினா ஷாக் அப்சார்பர் மாத்தணும். அப்புறம் கியர், அப்புறம் பேட்டரி. நூறு ரூபாய் தீபாவளிச் சட்டைக்குத் தையல் கூலி இருநூறு ஆன கதைதான்! (சிரிப்பு) கடைசியில் களத்தில் பக்கியே இருக்காது. பெயர் மட்டும் பக்கி வகுப்பு. ஓடுகிறது அத்தனையும் டிரக். யாரை வரவேற்கணும்னு நினைச்சீங்களோ அவன் வந்துட்டான், ஏற்கெனவே வீட்ல இருந்தவன் வெளியே போயிட்டான்.

"இதெல்லாம் கற்பனை" என்று எதிரணி சொல்லலாம். இல்லை ஐயா, இது கற்பனை இல்லை என்று காட்ட மூன்று சாட்சி வைத்திருக்கிறேன்.

முதல் சாட்சி ஸ்டேடியம் டிரக். 1984-ல் டீம் அசோசியேட்டட் என்ற அமெரிக்க நிறுவனம் ஆர்சி 10 என்ற பக்கியைக் கொண்டுவந்தது. தங்க நிற அலுமினியத் தட்டில் கட்டிய வண்டி. பந்தயத்துக்கென்றே பிறந்தது. 1985-ல் கலிஃபோர்னியாவில் பத்தில் ஒரு பங்கு மண் களப் பந்தயத்துக்கு முதல் உலகப் போட்டியும் நடந்தது. அந்தப் பக்கிகளை வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? விளையாட்டரங்கத்தில் பார்த்த டிரக்குகள் மேல் ஆசைப்பட்டு, பக்கியிலேயே பெரிய சக்கரம் மாட்டி, டிரக் உடம்பைக் கவிழ்த்து ஓட்ட ஆரம்பித்தார்கள். இவர்களை நிறுவனங்கள் பார்த்தன. 1990-ஐ ஒட்டி லோசி நிறுவனம் ஜேஆர்எக்ஸ்-டி, அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி 10-டி என்று டிரக்குகளைத் தனியாகவே செய்து விற்றன. இரண்டுக்கும் மூலம் அவர்களுடைய பக்கிதான். கிளப்புகள் என்ன செய்தன? பக்கி வகுப்பைக் கலைக்கவில்லை. டிரக்குக்கு ஒரு தனி வகுப்பைத் திறந்தன. பக்கியும் பிழைத்தது, டிரக்கும் பிழைத்தது.

இரண்டாவது சாட்சி டிரக்கி. டிரக்கையும் பக்கியையும் ஒட்டி வைத்த பெயர். எட்டில் ஒரு பங்கு அளவுள்ள பெரிய பக்கியில் கையை நீட்டி, ராட்சச டிரக்கின் சக்கரத்தை மாட்டினால் அது டிரக்கி. நம் தலைப்பில் இருக்கிற வண்டிக்கு அச்சு அசல் சகோதரன். 2000-க்குப் பிறகு இது பெருகியது. அதையும் பக்கி வகுப்புக்குள் திணிக்கவில்லை. டிரக்கி வகுப்பு என்று தனியாகவே வைத்தார்கள்.

மூன்றாவது சாட்சி 2008-ல் டிராக்ஸஸ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்லாஷ். ஷார்ட் கோர்ஸ் டிரக் என்று வகை. நிஜப் பந்தய டிரக்கைப் போலவே சக்கரத்தை மூடிய அகலமான உடம்பு. கடையில் வாங்கி அப்படியே களத்தில் இறக்கலாம். அதற்குத் தனி வகுப்பு வைத்ததும், பந்தயத்தையே பார்த்திராத பல குடும்பங்கள், அப்பாவும் பிள்ளையுமாக, களத்துக்கு வந்தன. ஒருவேளை அன்றைக்கு, "போய்ப் பக்கியோடு ஓடு" என்று தள்ளிவிட்டிருந்தால்? ஸ்லாஷ் வாங்கிய பிள்ளை முதல் வாரமே, கை பழகிய பக்கிக்காரனிடம் கடைசியாக வந்து, அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். வகுப்பு அவனைக் காப்பாற்றியது. இதைத்தான் எதிரணி நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். தனி வகுப்பு பக்கியை மட்டும் காப்பாற்றவில்லை, டிரக்கையும் காப்பாற்றியது!

சரி, எதிரணியில் ஒரு சகோதரி மனதைத் தொடுகிற மாதிரி ஒன்று கேட்டார். "சின்ன ஊர், சின்ன கிளப், மொத்தம் எட்டுப் பேர். ஏழு பேரிடம் பக்கி. ஒரு பையனிடம் மட்டும், அண்ணன் ஓட்டிப் போட்ட பழைய டிரக். அவனே உட்கார்ந்து இரவெல்லாம் மாற்றியமைத்தது. அவனுக்குத் தனி வகுப்பு வைக்க ஆள் இல்லை. திருப்பி அனுப்பிவிடுவீர்களா?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஏனென்றால் அந்தப் பையன்தான் இந்த விளையாட்டின் உயிர். புரூஸ் மேயர்ஸ் 1964-ல் செய்ததைத்தான் அவன் தன் அளவில் செய்திருக்கிறான்.

சகோதரி, அவனைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. வழி இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. அந்தக் காலத்து ரிமோட்டில் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. மொத்தம் ஆறு சேனல். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆறு நிறத்தில் அடையாளம். ஒரே நிறத்தில் இரண்டு பேர் ரிமோட்டைப் போட்டால், நீ திருப்பினால் அவன் வண்டி திரும்பும்! மாமியார் மருமகள் ஒரே டி.வி.க்கு ரெண்டு ரிமோட் வச்ச மாதிரி. (பெரும் சிரிப்பு) அதனால் ஒரு சுற்றில் யாரை யாரோடு விடுவது என்று கிளப்காரர் நிறத்தைப் பார்த்து ஆள் பிரிப்பார். 2000-க்குப் பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் ஆள் குறைவான கிளப்புகளில் ஒரு நல்ல பழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இரண்டு வகை வண்டிகளை ஒரே சுற்றில் ஓடவிடுவார்கள். கணக்கை மட்டும் தனித்தனியாக எழுதுவார்கள். பாஹா பாலைவனத்தில் என்ன செய்தார்களோ அதேதான். பாதை ஒன்று, ஏடு இரண்டு.

அந்தப் பையன் மற்ற ஏழு பேரோடும் ஓடட்டும். பக்கியை முந்தினால் முந்தட்டும், எல்லோரும் கைதட்டுவோம். ஆனால் பக்கி வகுப்பின் புள்ளியில் கை வைக்காமல், டிரக் என்ற தலைப்பின் கீழே அவன் பெயரை எழுதுவோம். முதல் வாரம் அந்தத் தாளில் அவன் ஒருவன்தான் இருப்பான். அதைப் பார்த்து இன்னொரு பையன் வீட்டில் கிடக்கிற டிரக்கைத் தூசி தட்டி எடுத்து வருவான். மூன்றாவது ஆள் வருவான். குறைந்தபட்சம் இத்தனை பேர் சேர்ந்தால் ஒரு வகுப்பு என்று பல கிளப்புகளில் கணக்கு உண்டு. அந்த எண்ணிக்கை வந்துவிட்டால் அவன் ஒண்டிக்குடித்தனக்காரன் இல்லை, ஒரு வகுப்பின் முதல் ஆள். நீங்கள் அவனைப் பக்கி வகுப்பில் ஒட்ட வைத்தால் இந்தப் பெருமை அவனுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது. ஜெயித்தால் "டிரக்கைக் கொண்டுவந்து ஜெயிச்சான்" என்று முணுமுணுப்பார்கள். தோற்றால் "டிரக்கைக் கொண்டுவந்தும் தோத்தான்" என்று சிரிப்பார்கள். நியாயமா ஜெயிச்சான் என்ற பெயர் மட்டும் வராது. பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அநியாயம் வேற ஒண்ணும் கிடையாது, நடுவர் அவர்களே! (நீண்ட கைதட்டல்)

எதிரணி கேட்பது இடம். நாங்கள் மறுப்பது இடத்தை இல்லை, அடுத்தவனுடைய இடத்தை. பக்கி பிறந்தபோது பீட்டிலின் இடத்தைப் பறிக்கவில்லை. டிரக் வளர்ந்தபோது பக்கியின் இடத்தைப் பறிக்கவில்லை. 1967-லிருந்து நிஜ வண்டிகளும், 1979-லிருந்து சின்ன வண்டிகளும் இந்த வழக்கத்திலேயே ஓடிவந்திருக்கின்றன. அதனால்தான் இன்றைக்குப் பக்கியும் இருக்கிறது, டிரக்கும் இருக்கிறது, டிரக்கியும் இருக்கிறது, வகுப்பு 11-ல் அந்தக் கிழட்டு பீட்டிலும் இருக்கிறது.

ஆகவே, மாற்றியமைத்த டிரக்குக்குக் களத்தில் இடம் உண்டு, பக்கி வகுப்பில் இடம் இல்லை என்று எங்கள் அணியின் சார்பில் உறுதியாகச் சொல்லி, நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பைத் தருவார்கள் என்ற நம்பிக்கையோடு அமர்கிறேன்.